துணி எடுக்கப் போன சின்னவன்

ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் மூன்றாவது மகன், மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய் ஆறு வருடம் கழித்து, பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்லும் பெண்ணின் வீட்டு மாடிப்படியில் இறங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கை நிறைய மடித்த துணி. “அம்மா எங்க?” என்று கேட்டான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவனை ஒரு முறை பார்த்தார், மனைவியை ஒரு முறை பார்த்தார். “எங்க போனான், எங்க போனான்னு என் உயிரை எடுத்தியே. இந்தா, வந்துட்டான். நீயே கவனி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மைக் அக்கா என்றுதான் ஊரில் அவளைச் சொல்வார்கள். அந்தத் தொடரை அவளைப் போல நேசித்தவர் யாருமில்லை. அதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள், காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அச்சகம் நடத்தும் ஒரு விதவைத் தாய்க்கு மூன்று மகன்கள் என்பதுதான் கதை. இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், வீட்டில் சொத்துச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, சின்னவன் “மாடியில துணி காயுதும்மா, எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் படியேறினான். அதன்பின் அவனை யாரும் காணவில்லை. காணவில்லை என்பதுகூடப் பெரிதில்லை, தேடவில்லை. தாய் மறுநாளே இரண்டு தட்டு வைத்தாள். பெரியவன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் அவன் நிற்க ஒரு விரற்கடை இடம்கூட விடவில்லை. மைக் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரிடம் கேட்டாள், டிரைவர்களிடம் கேட்டாள், தொலைக்காட்சி நிலையத்துக்கு நாள் தவறாமல் போன் போட்டுக் கேட்டாள். ஒரு முறை மூன்றாம் நடைமேடைப் பேருந்து புறப்படுவதை அறிவித்த கையோடு, மைக்கை அணைக்க மறந்து, “பெத்தவளுக்குக்கூடவா ஞாபகம் வராது?” என்று கேட்டுவிட்டாள். நிலையத்தில் இருந்த பயணிகளில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பி அம்மாவைப் பார்க்கப் போய்விட்டதால் அன்று பேருந்துகள் காலியாக ஓடின. மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார்.

எல்லோரையும்விட அதிகம் எரிச்சல்பட்டவள் அவளுடைய சொந்தத் தங்கைதான். மருந்துக்கடையில் வேலை, மற்ற நேரத்தில் அந்தத் தொடரின் ரசிகர் மன்றத் தலைவி. சாயங்காலமானால் அக்கா வீட்டில்தான் பார்ப்பாள்.

“பிடிக்கலன்னா பாக்காம இரேன்க்கா. யாரு உன்னக் கட்டிப் போட்டா?”

“பிடிக்காததப் பத்தி நான் ஏன்டி பேசப்போறேன்? பக்கத்துச் சேனல்ல ஓடுற குப்பையப் பத்தி என்னிக்காவது வாயத் தொறந்திருக்கேனா?”

“சாப்பாட்ட வாயில வைக்கும்போதே கல்லு, கல்லுன்னு கத்துற.”

“கல்லு இருக்கே!”

அந்த வருடங்களில் இருவரும் இதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதாக யாருக்கும் நினைவில்லை.

வந்தவனுக்கு ஒரு நாள்கூட வயதாகியிருக்கவில்லை. அதனால் தொல்லை குறைவு என்று சொல்ல முடியாது. என்ன செய்தி சொன்னாலும் அவன் முகம் மூன்று முறை வெடுக்கென்று திரும்பும்; ஒவ்வொரு திருப்பத்துக்கும் எங்கிருந்தோ இடி இடிக்கும். கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் இடி, துடைப்பம் உடைந்தது என்றாலும் இடி. பக்கத்து வீட்டார் மழை வரும் என்று நம்பிக் குடை எடுத்துப் போய்ச் சலித்துப்போனார்கள். தொடரில் யாரும் கழிவறைக்குப் போவதில்லை என்பதால் முதல் மாதம் முழுக்க அவன் அந்தப் பக்கமே போகவில்லை; பழகிக்கொண்டபின் காலையில் உள்ளே போனால் வெளியே வருவதே இல்லை. “இவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, எனக்குக் காது போச்சு” என்று கணவர் வாசலில் எழுதி ஒட்டாத குறையாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார்.

செய்தி பரவி ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். படம் எடுத்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், சிலர் அழுதார்கள். ஒரு நாள் மாலை எல்லோருமாகத் தொடர் பார்க்க உட்கார்ந்தபோது அவனும் உட்கார்ந்தான். திரையில் தாயின் கை மட்டும் தெரிந்தது; இரண்டு தட்டு வைத்தது.

“அம்மா ஏன் ரெண்டு தட்டு வெக்கிறாங்க?” என்றான்.

யாரோ ஒலியைக் கூட்டினார்கள்.

“யாருமே மாடிக்கு வந்து பாக்கலையா?”

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மறுவாரமே மன்றம் கூடி அவன் போலி என்று முடிவு செய்தது. உண்மையான சின்னவனாக இருந்தால் பெற்ற குடும்பத்தைக் குறை சொல்வானா என்பது அவர்கள் வாதம். தங்கையே அதை மருந்துக்கடை வாசலில் நின்று அறிவித்தாள். பிறகு தெருவில் நின்று செருப்பு வீசினார்கள். வீசியவை ஜோடி சேரவில்லை என்பதில்தான் கணவருக்கு வருத்தம். சின்னவன் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று மைக் அக்காவைக் கேட்டான். அவள் வேண்டியதெல்லாம் கதையில் ஓர் ஓட்டையை அடைப்பது. அந்த ஓட்டைக்குள் ஒருத்தன் ஆறு வருடம் தனியாக வெயிலில் நின்றிருப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

கடைசியில் கதாசிரியரே வந்தார். ஒரே நேரத்தில் மூன்று தொடர்களுக்கு எழுதுகிறவர். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. சின்னவனைக் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அந்த நடிகர் சொல்லாமக் கொள்ளாம வெளிநாடு போயிட்டாரும்மா. நாலு நாள்ல ஒரு வழி பண்ணலாம்னு விட்டேன். மறந்துபோச்சு.” பிறகு அவருக்கும் கோபம் வந்தது. “ஊரே நல்லாருக்குங்குது. நீங்க ஒருத்தங்கதான் தினம் போன் பண்ணிக் கழுத்தறுக்கறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு? ஒரு லாரி ஆக்சிடென்ட் வெச்சு முடிச்சிடவா?”

மூன்று இடி இடித்தது.

“முடிக்கவெல்லாம் வேணாங்க,” என்றாள் அவள். “சாப்பிட வாடான்னு ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க. அது போதும்.”

கதாசிரியர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மழைக்காலம் தொடங்கும்போது அந்தக் காட்சி வந்தது. சண்டைக்குத் தயாராகத் தங்கையும் வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் தாய் மூன்று தட்டு வைத்தாள். படியடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, “சின்னவனே, சாப்பிட வாடா” என்றாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக்கையோடு வந்து நின்றான். திரையையே பார்த்தான். தாய் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

“இது எங்கம்மா இல்ல,” என்றான் மெதுவாக. நாலாம் வருடத்தில் தாயாக நடித்தவரை மாற்றியிருந்தார்கள். அவன் அப்போது மாடியில் இருந்தான். “ஆனா, கூப்பிட்டாங்க.” முகம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை, இடியும் இடிக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதான். திரையில் காலிப் படிக்கட்டைக் காட்டி அன்றைய பகுதியை முடித்தார்கள்.

தங்கை எழுந்து நின்றாள். “என்ன எழுதுறாங்க இவங்க? அறிவிருக்கா? வேற ஒருத்திய நிக்க வெச்சுக் கூப்பிட்டா புள்ள எப்படி இறங்கி வரும்?” என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைக் அக்கா நகர்ந்து, தங்கைக்குப் பக்கத்தில் அவனுக்கும் உட்கார இடம் விட்டாள். மறுநாள் மன்றம் அந்தக் காட்சியை, முதல் வருடத்திலேயே திட்டமிட்ட மகத்தான திருப்பம் என்று புகழ்ந்தது. தங்கையைத் தலைவி பதவியிலிருந்து நீக்கியது.

சின்னவன் போகவில்லை. மெக்கானிக்கோடு கடைக்குப் போகத் தொடங்கினான். கம்ப்ரசரில் கோளாறு என்று அவன் சொல்லும்போது இடிப்பதால் வாடிக்கையாளர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. தங்கைக்கு ஒரு தடவை வாய் திறந்தபின் மூடவில்லை. பெரிய மருமகள் மூன்று வருடமாக மாசமாகவே இருக்கிறாளே, இது எந்த ஊர் நியாயம் என்று அவளே தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட ஆரம்பித்தாள். கோடைக்காலத்தில் ஒரு காலை மருந்துக்கடைக்குள் அந்த மருமகள் பெட்டியும் கையுமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தங்கை கொடுத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். குழந்தைக்கு எல்லாப் பல்லும் முளைத்திருந்தது. நர்ஸிடம் மணி என்ன என்று கேட்டது. நர்ஸ் சொல்லிவிட்டு, எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு போனாள்.