ஆவுடைத்தாயின் கோடு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. சாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் பொன்னுத்தங்கம், மாடியில் துணி காயப்போட்டபடி சொன்னது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "பட்டாசு விபத்தில் கால் போன ஆவுடைத்தாய்..."

அடித்துவிட்டேன். (சிவகாசிப் பக்கத்துக் கதை என்றதும் நீங்களும் வெடிச்சத்தத்துக்குத்தானே காத்திருந்தீர்கள்?) அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் அச்சங்குளம் வளைவில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தவள். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அவ்வளவுதான்.

2

நுண்கணிதப் பாடம். டீச்சர் பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் அளவுக்கோடுகள் போட்டார். பிள்ளைகள் இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அதைச் செல்போனில் படம் பிடித்து, அரை நொடிக்கு ஒருமுறை ரிப்பன் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் சாய்வுதான் வேகம்.

எல்லோருக்கும் நேர்கோடு வந்தது. ஆவுடைத்தாயின் கோடு மட்டும் ஏறியது, படுத்தது, மறுபடி ஏறியது.

டீச்சர் சந்தோஷத்தில் கத்திவிட்டார். "பாருங்க, இதுக்குத்தான் வகைக்கெழு வேணும்! இங்கன வேகம் மாறிக்கிட்டே இருக்கு!"

ஆவுடைத்தாய் ரிப்பனை அவிழ்த்தாள். "என் கால வச்சுப் பாடம் நடத்தாதீக டீச்சர்."

(டீச்சரின் மனநிலை பற்றி ஒரு பத்தி எழுதினேன். அவர் சொன்னதோ, "பாடத்த அத்தோட நிறுத்திட்டேன்" என்று மட்டும். பத்தியை எடுத்துவிட்டேன்.)

3

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று டீச்சர் பயந்தார். [நானும் அவளை வீட்டில் உட்காரவைக்கத்தான் பார்த்தேன். சோகம் எழுத எளிது.]

வந்தாள்.

"நேத்து நான் கத்துனது தப்புத்தான் தாயி," என்றார் டீச்சர்.

"அது இருக்கட்டும். அரை நொடிக்கு ஒரு புள்ளி வச்சா, நடுவுல நடந்தது எப்படித் தெரியும்? இன்னும் பொடிசா நிறுத்திப் பாப்போம். மொதல்ல நீங்க நடங்க."

டீச்சர் ரிப்பன் கட்டிக்கொண்டு நடந்தார். வகுப்புத் தோழி ஐஸ்வர்யா படத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக நிறுத்தி நிறுத்திப் புள்ளி வைத்தாள். டீச்சரின் கோடு நெளிந்தது. காலை ஊன்றும்போது வேகம் குறைந்தது, உந்தும்போது கூடியது. அடுத்து, கபடி ஆடுகிற மணிகண்டராஜ். அவன் கோடும் நெளிந்தது.

"ஏலே, நீயும் நொண்டுறலே!" என்றாள் ஐஸ்வர்யா.

வகுப்பே சிரித்தது. ஆவுடைத்தாயும் சிரித்

4

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எழுதியவரைக்கும் ஆவுடைத்தாயிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"சிரிச்சேன்னு எழுதாதீக. சிரிக்கல. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்ன யோசிச்ச?"

"எம்புட்டுப் பொடிசாப் பாத்தாலும் நெளிஞ்சுக்கிட்டேதான் இருக்குமா, இல்ல ஒரு எடத்துல நேராயிருமான்னு."

டீச்சருக்குப் பதில் தெரியும். எனக்கும் சொன்னார். இங்கே எழுதப்போவதில்லை. உங்களிடம் செல்போன் இருக்கும், வீட்டில் பத்தடி நீளத்துக்கு இடமும் இருக்கும். இடுப்பில் எதையாவது கட்டிக்கொண்டு நடந்து, படத்தை இன்னும் இன்னும் பொடிசாக நிறுத்திப் பாருங்கள்.