தாமதம் எழுதிய பதினொரு பதிவுகள்

சனிக்கிழமை காலை பத்து மணி. லண்டனின் மோர்டன் பகுதியில் உள்ள தன் வீட்டின் சின்ன அறைக்குள் போய் ஆரணன் கதவைச் சாத்திக்கொண்டான். ஈரத்துணி காயப்போட்டிருந்த கம்பிச் சட்டத்தைக் கமராவில் விழாதபடி ஒரு பக்கமாகத் தள்ளினான். விளக்கைச் சரிசெய்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தான்.

“வணக்கம் உறவுகளே. விண்வெளியில பேரரசு கட்டிற பழைய கொம்பியூட்டர் விளையாட்டுகளில எது பெரிசு எண்டு கன பேர் கேட்டிருக்கிறியள். மூண்டு விளையாட்டை மூண்டு வருசமா ஒப்பிட்டுப் பாத்திட்டுத்தான் இண்டைக்குச் சொல்லுறன்.”

அவன் மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாவது விளையாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடியதுகூட இல்லை.

ஆரணனுக்கு முப்பது வயது. எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் லண்டனுக்கு வந்தவன். வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் பேசும் சேனல் ஒன்றை இரண்டு வருடமாக ஆசையாக நடத்தி வந்தான். ஆனால் எந்த வீடியோவையும் முந்நூறு பேருக்கு மேல் பார்க்கவில்லை. அதிலும் பாதிப்பேர் சொந்தக்காரர்கள்.

அப்படி இருக்கும்போதுதான், எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு தமிழ் இணையதளத்தின் பழைய பக்கங்கள் அவன் கண்ணில் பட்டன. மூடிய தளங்களைச் சேமித்து வைக்கும் இடமொன்றில் அவை கிடந்தன. ‘தாமதம்’ என்ற புனைபெயரில் யாரோ 2004ஆம் ஆண்டில் பதினொரு பதிவுகள் எழுதியிருந்தார். ‘செவன் சன்ஸ்’, ‘ஃபார் ரீச்’, ‘ஹாலோ கிரௌன்’ என்ற மூன்று விளையாட்டுகளின் ஒப்பீடு அது.

மற்றவர்கள் எல்லாம் எதில் கிரகங்கள் அதிகம், எதில் கப்பல்கள் அழகானவை என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், தாமதம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். நாம் இன்னொருவருடைய கிரகத்தைப் பிடித்துவிட்டால், அங்கே இருந்த சனங்களுக்கு என்ன நடக்கிறது?

செவன் சன்ஸில் ஒன்றும் நடக்காது. அவர்களுடைய ஒரு கோடி பேர் நம்முடைய ஒரு கோடி பேராக மாறிவிடுவார்கள். ஓர் எண் இடம் மாறும், அவ்வளவுதான். ஃபார் ரீச்சில் அந்தச் சனம் இருபது சுற்று, அதாவது இருபது ‘டேர்ன்’ வரைக்கும் முகம் கொடுக்காது. தொழிற்சாலைகள் மெதுவாக ஓடும். நாமாக மாற்றும்வரை ஊர்களின் பழைய பெயர்கள் வரைபடத்தில் அப்படியே கிடக்கும். ஹாலோ கிரௌனில் அவர்கள் கப்பல் ஏறிப் புறப்பட்டுவிடுவார்கள். வேறொரு பேரரசின் எல்லையில் போய் நிற்பார்கள். அந்தப் பேரரசை விளையாடுகிறவருக்குத் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும்: ஏற்கிறாயா, திருப்பி அனுப்புகிறாயா? ‘இந்தச் சின்னப் பெட்டிக்காகவே மூன்றாவது விளையாட்டை மற்ற இரண்டுக்கும் மேலே வைக்கிறேன்’ என்று தாமதம் எழுதியிருந்தார்.

ஆரணன் இதைத்தான் அங்கே இங்கே நாலு சொல்லை மாற்றிக் கமராவுக்கு முன்னால் ஒப்புவித்தான். தாமதத்தின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் அந்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். டொரொன்டோவில் ஒருவர் ரயிலில் இருந்தபடி அழுதுவிட்டதாக எழுதினார். ‘என்ன மூளை அண்ணை உங்களுக்கு’ என்று பாரிஸிலிருந்து ஒரு பெண் எழுதினாள். ஓய்வுபெற்ற தபால் ஊழியரான பத்மநாதன், தான் மாதாமாதம் நூலகத்தில் நடத்தும் தமிழ்க் கூட்டத்தில் வந்து பேசும்படி கேட்டார். ஆரணன் ஒவ்வொரு பாராட்டுக்கும் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொன்னான். நன்றி சொல்ல வேண்டிய ஒருவரை மட்டும் விட்டுவிட்டான்.

இந்தப் பழக்கம் அவனுக்கு மட்டும் உரியதில்லை. கைத்தொலைபேசிக்கு வரும் கவிதையின் அடியில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு நாமும் அனுப்புகிறோம். யாரோ கஷ்டப்பட்டு எடுத்த படத்தை நம்முடையதுபோல் போட்டுக்கொள்கிறோம். யாரும் அதைக் களவு என்று சொல்வதில்லை.

ஒரு மாலை, சமையலறையில் நின்று வீடியோவின் கீழே வந்த கருத்துகளை வாசித்துக்கொண்டிருந்தவன் ஒன்றைக் கண்டதும் விரலை நிறுத்தினான்.

‘தம்பி, உங்கட வீடியோ பாத்தன். மெத்தச் சந்தோசம். அந்தப் பழைய எழுத்து உங்களிட்டை இருக்கோ? என்னட்டை ஒரு பிரதியும் இல்லை. தந்தால் பெரிய உதவி. – மே. சாந்தி.’

ஆரணன் அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு அழித்தான். பின்னால் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அவன் மனைவி லக்‌ஷிகா அதைப் பார்த்துவிட்டாள். அவள் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை.

“ஆரப்பா அது? ஏன் அழிச்சனீங்கள்?”

“அது சும்மா ஒரு ஆள்.”

“பழைய எழுத்து எண்டு கிடந்துது. என்ன எழுத்து?”

மறைக்க முடியவில்லை. சொன்னான். லக்‌ஷிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்ப மூண்டு வருசம் ஆராய்ஞ்சது எண்டு சொன்னது?”

“நெட்டில சும்மா கிடந்தது லக்‌ஷிகா. பேரும் இல்லை, ஆளும் இல்லை. இருபது வருசமா ஒருத்தரும் பாக்கேல்லை. நான் எடுத்துச் சொன்னதாலதானே சனத்துக்குத் தெரிஞ்சுது.”

“பேர் இருந்துதுதானே. தாமதம் எண்டு.”

“அது ஒரு பேரோ?”

“என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் கொப்பியடிச்சுப்போட்டு இதே கதைதான் சொல்லுறவை. நெட்டில கிடந்தது மிஸ் எண்டு. அவைக்குப் பன்ரெண்டு வயசு.”

ஆரணன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் நூலகத்தின் மேல்மாடியில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். வடையும் தேநீரும் சுற்றி வந்தன. பத்மநாதன் எழுந்து, “எங்கட பொடியன் ஒருத்தன் தன்ர சொந்த மூளையால யோசிச்சுச் சொன்ன விசயம்” என்று அறிமுகப்படுத்தினார். ஆரணன் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதற்குள் தாமதத்தின் பதினொரு பதிவுகளும் அச்செடுத்தபடி இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே முக்கால் மணி நேரம் பேசினான். கை தட்டினார்கள். லக்‌ஷிகா மூன்றாவது வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பத்தெட்டு வயதிருக்கும். பஸ் சாரதிகள் போடும் கருநீல ஜாக்கெட் போட்டிருந்தார்.

“என்ர பேர் மேரிசாந்தி. பஸ் ஓடுறனான். ஷிப்ட் முடிஞ்ச கையோட வாறன், குறை நினைக்காதேங்கோ” என்றார். “நான் கேள்வி கேக்க வரேல்லைத் தம்பி. நன்றி சொல்லத்தான் வந்தனான்.”

தான் அழித்த கருத்தின் அடியில் இருந்த பெயர் அது என்று ஆரணனுக்குப் புரிந்தது.

“நான் லண்டனுக்கு வந்த புதுசில, அகதிக் கேஸ் முடியாமல் நாலு வருசம் இருந்தனான். வேலை செய்ய அனுமதி இல்லை. குரொய்டனில ஒரு அறை. முந்தி அதில இருந்த ஆரோ ஒரு பழைய கொம்பியூட்டரும் மூண்டு சீடியும் விட்டிட்டுப் போயிருந்தினம். காலமை எழும்பி, தலை வாரி இழுத்து, வேலைக்குப் போற மாதிரி உடுப்பு மாத்திக்கொண்டு போய் அதுக்கு முன்னால இருப்பன்.”

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“அப்ப அந்த விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதினனான். பிறகு அந்தத் தளத்தை மூடிப்போட்டினம். நான் எடுத்து வைக்கேல்லை. அந்த நாலு வருசமும் நான் என்ன செய்தனான் எண்டு காட்ட என்னட்டை வேற ஒண்டும் இல்லை. போன மாதம் டிப்போவில சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை உங்கட வீடியோவைக் கேட்டன். கரண்டியை வைச்சிட்டன் தம்பி. அந்த அறையில இருந்து நான் யோசிச்சதை நாப்பதினாயிரம் பேர் கேட்டிருக்கினம். அதுக்கு உங்களுக்கு நன்றி. அந்தப் பழைய பக்கம் எங்கையாவது உங்களுக்குக் கிடைச்சிருந்தா, எனக்கு ஒரு பிரதி தருவியளோ எண்டும் கேக்க வந்தனான்.”

“எந்தப் பக்கம் அம்மா?” என்று பத்மநாதன் குழம்பிப்போய்க் கேட்டார்.

“அது தம்பிக்கு விளங்கும் அண்ணை” என்று சொல்லிவிட்டு மேரிசாந்தி உட்கார்ந்தார்.

அறையில் பலருக்கு ஒன்றும் புரியவில்லை. ‘தேடிப் பாக்கிறன் அக்கா’ என்ற ஒரு வசனம் போதும், ஆரணன் தப்பிவிடலாம். அது அவன் நாக்கு வரைக்கும் வந்தது. தன் எழுத்தையே அவனிடம் யாசகம்போல் கேட்டுவிட்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தான். வசனம் வெளியே வரவில்லை.

“பத்மநாதன் அண்ணை சொன்னது பிழை” என்றான். “இது என்ர மூளை இல்லை. நான் சொன்னது முழுக்க இவ எழுதினது. தாமதம் எண்ட பேரில எழுதியிருந்தவ. எனக்குத் தெரிஞ்சும் பேரைச் சொல்லேல்லை. பிரதி கேட்டு எனக்கு எழுதினவ. அதையும் அழிச்சுப்போட்டன்.”

அவன் மேசையைச் சுற்றி வந்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து, கோப்பிலிருந்த தாள்களை எடுத்து இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றான்.

ஒரு முதியவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்து வெளியே போனார். “ஒத்துக்கொண்டானே, அது போதும்” என்றார் ஒருவர். “செய்யாமல் விட்டிருக்கலாம்” என்றார் பக்கத்தில் இருந்தவர். ஆரணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

மேரிசாந்திக்கு எதுவும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் தனக்குள் சிரித்தார். இன்னொரு பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஆரணனும் லக்‌ஷிகாவும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

“இஞ்சை ஒரு பிழை விட்டிருக்கிறன் தம்பி” என்று அவர் தாளைக் காட்டினார். “திருப்பி அனுப்பினா கப்பல் அழிஞ்சுபோகும் எண்டு எழுதியிருக்கிறன். அழியாது. பத்து டேர்ன் எல்லையிலயே நிக்கும். பிறகுதான் கண்டுபிடிச்சனான். நீங்களும் வீடியோவில அப்பிடியே சொல்லிப்போட்டியள்.”

“நான் அந்த விளையாட்டை ஒழுங்கா விளையாடினதே இல்லை அக்கா.”

“தெரியும்” என்றார் அவர் சாதாரணமாக.

ஆரணனுக்குத் தலை தாழ்ந்தது. “எல்லாம் தெரிஞ்சும் ஏன் அக்கா என்னைச் சனத்துக்கு முன்னால காட்டிக் குடுக்கேல்லை?”

மேரிசாந்தி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். “ஒரு அறையில இருத்தி, நீ சொல்லுறது உண்மையோ பொய்யோ எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நாலு வருசம் இருந்தனான். இன்னொருத்தரை அந்தக் கதிரையில இருத்த எனக்கு விருப்பமில்லை. எனக்கு என்ர எழுத்துத்தான் வேணும். அது கிடைச்சிட்டுது.”

லக்‌ஷிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் எங்களுக்குச் செய்தது பெரிய காரியம் அக்கா” என்றாள்.

ஆரணன் அன்றே அந்த வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டான். இரண்டு கிழமை கழித்து, சின்ன அறையில் இன்னொரு கதிரை போட்டு மேரிசாந்தியை உட்காரவைத்துப் புது வீடியோ எடுத்தான். நடந்ததை முதலில் தானே சொன்னான். பிறகு அவர் பேசினார். மூன்று விளையாட்டுகளையும் திரும்ப விளையாடிப் பார்த்ததாகவும், இப்போது தனக்கு ஃபார் ரீச்தான் பெரிதாகத் தெரிவதாகவும் சொன்னார். “ஓடிப்போறது ஒரு நாள் அலுவல் தம்பி. போன இடத்தில இருபது டேர்ன் இருந்து பழகிறதுதான் பெரிய அலுவல். அப்ப எனக்கு அது விளங்கேல்லை” என்றார். அதை ஏற்காத பலர் கீழே சண்டை பிடித்தார்கள். அவர் ஒவ்வொரு மத்தியானமும் டிப்போவில் இருந்து அவர்களுக்குச் சளைக்காமல் மறுமொழி போட்டார். இருபது வருடத்துக்கு முன் கிடைக்காத வாசகர்கள் இப்போது கிடைத்திருந்தார்கள்.

அந்த வீடியோவை ஆறாயிரம் பேர்தான் பார்த்தார்கள். பழைய ரசிகர்கள் பலர் விலகிப் போயிருந்தார்கள். ஆரணன் அதற்காக வருந்தவில்லை. அதன் பிறகு எந்த விளையாட்டைப் பற்றிப் பேசினாலும், தான் எங்கே வாசித்தான், யார் சொல்லித்தந்தார்கள், யார் தன் பிழையைத் திருத்தினார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி நன்றி கூறிவிட்டே தொடங்கினான்.

ஒருநாள் ஓர் இளைஞன் கீழே எழுதினான்: ‘பேர் வாசிக்கிறதிலயே ரெண்டு நிமிசம் போகுது அண்ணை. நேர விசயத்துக்கு வாங்கோ.’

ஆரணன் அதற்கு எழுதினான்:

‘தம்பி, இதுதான் விசயம். மற்றவை யோசிச்சதை எடுத்துச் சொல்லுறது பிழையில்லை. எல்லாரும் அப்பிடித்தான் படிக்கிறம். ஆரிட்டை எடுத்தனாங்கள் எண்டு சொல்லாமல் விட்டா அது களவு. பேரைச் சொன்னா அது நன்றி. ரெண்டுக்கும் நடுவில இருக்கிறது அந்த ரெண்டு நிமிசம்தான்.’