வலப்பக்கத்து நாற்காலி

1

இந்தக் கதை ஒரு செய்தித் துணுக்கிலிருந்து வந்தது. ஓய்வூதியத்துக்காக வயதான முன்னாள் போர்வீரர்களைக் கட்டிக்கொண்ட இளம்பெண்கள். அப்படி ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

அவள் நல்லவள்தான், ஆனால்...

(அடித்துவிட்டேன். 'ஆனால்' வந்தாலே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் என்று பொருள்.)

அவள் வீட்டு வாசலில் ஒருவன் வயிறெரிந்து நின்றான். அவன் பக்கம் போனேன்.

2

அவன் வெல்டர். அவளுடைய காதலன். யோசனையே அவனுடையது. அவள் கிழவரைக் கட்டிக்கொள்வாள். அவர் காலத்துக்குப் பிறகு ஓய்வூதியம் அவளுக்கு வரும். மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்பதால் கல்யாணம் இல்லாமலே சேர்ந்து வாழலாம். அதுவரை ஊர் கண்ணுக்கு அவன் அவளுடைய அண்ணன்.

அந்த உறவை அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எண்பது வயதுக் கிழவர் அவனை வாய் நிறைய 'மச்சான்' என்றார். மச்சானுக்கு டீ, மச்சானுக்கு மின்விசிறி.

3

ஒரு மாலை அவன் கிழவரின் வலப்பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனான்.

"அங்க வேணாம் மச்சான். அது அவ இடம்."

போரில் குண்டு வெடித்துக் கிழவருக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. [முதல் வரைவில் கால். கால் இல்லாதவரை எல்லோருக்கும் உடனே பிடித்துவிடுகிறது. மாற்றினேன்.] அவள் வந்து உட்கார்ந்து, வலது காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். கிழவர் குலுங்கிச் சிரித்தார். என்ன சொன்னாள் என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை. எனக்கும் கொஞ்சம் எரிந்தது.

4

மறுநாள் அவனுடைய பட்டறைக்குப் பின்தெருவில் இருவரும் சந்தித்தார்கள். அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டான்.

"சிரிக்கக் கூடாதுன்னு நாம பேசிக்கவே இல்லையே."

நடந்தார்கள். அவள் அவனுக்கு இடப்பக்கம் வந்துகொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"நாளைக்கு வர வேணாம். அவருக்குச் சளி."

அவன் நின்றுவிட்டான்.

"எனக்கு ரெண்டு காதும் கேக்கும்டி."

5

முடிவு அ: கிழவர் இறக்கிறார். திட்டம் பலிக்கிறது. (அவளை அழவிடாமல் இதை எழுத முடியவில்லை. அவள் அழுதால் வெல்டர் தாங்கமாட்டான்.)

முடிவு ஆ: வெல்டர் துணிந்து, "நான் அவ அண்ணன் இல்ல" என்று கிழவரிடம் சொல்லிவிடுகிறான். ஆனால் அந்த வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் இடம் இடப்பக்கம்தான். கிழவர் தலையாட்டிவிட்டு, மச்சானுக்கு டீ கொண்டுவரச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். அவர்களை அந்தத் தெருவிலேயே விட்டிருக்கிறேன். நீங்கள் வேண்டுமானால் அவளை அவனுடைய இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். நானும் நிறுத்தினேன். அடுத்த வரியில் அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றிக்கொண்டு போகிறாள்.