நாகலாபுரம் கிளை, பக்கம் பதினொன்று

வேதமாணிக்கம் மூடியைக் கழற்றியதும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு பல்லி குதித்து ஓடியது.

"மூணு வருசமா பரண்ல கெடந்திருக்கு. குடியிருந்தவிய கோவிச்சுக்கிட்டுப் போறாவ பாருங்க" என்றார், பிரஷால் தூசியைத் தட்டிக்கொண்டே.

ராமலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு ஃபைல் கெடைச்சா போதும் வேதம். மத்ததெல்லாம் போனா போகட்டும்."

"அப்படி என்ன ஃபைல் டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரர் வம்சத்து ஆளுக பேரெல்லாம் எழுதுன ஃபைல்."

கோவில்பட்டியில் அவளை எல்லோருக்கும் டீச்சர் என்றுதான் தெரியும். இருபது வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாள். கணவர் பூவனநாதன் லாரி டிரைவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பிவர இருபது நாள் ஆகும். ஒரே மகள் விஜி, நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு நாகலாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ஹரி. வந்து பார்த்தார்கள், இவர்களும் போய்ப் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து விஜி காரணமில்லாமல் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பூ வைக்க நாள் பார்க்கும்போதுதான் சிக்கல் வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் அவை. அங்கே ஒவ்வொரு வம்சத்துக்கும் அப்பன் வழியில் வருகிற ஒரு வீட்டுப்பேர் உண்டு. வீட்டுப்பேர் ஒன்றாக இருந்தால் பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. பூவனநாதன் குடும்பம் சிந்தல வீடு. ஹரியின் குடும்பம் தங்களை ஊர்ப்பேரைச் சொல்லித்தான் சொல்லிக்கொள்ளும். யாரோ ஒரு கிழவர், "அவுகளும் பழைய காலத்துல சிந்தல வீடுதானப்பா" என்று போட்டு உடைத்துவிட்டார்.

ஹரியின் பெரியப்பா மாயகிருஷ்ணன் போன் பண்ணினார். பருத்தி கமிஷன் கடை வைத்திருப்பவர். கோபமில்லாமல்தான் பேசினார். "டீச்சரம்மா, தெரியாமப் பண்ணுனா ஒண்ணு. தெரிஞ்சு பண்ணுனா ஊரு நம்மள விடாது. உங்க பக்கம் எதாவது எழுத்து இருந்தாக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கோம். அதுக்கு மேல பையன வச்சிக்கிட்டு இருக்க ஏலாது, கடம்பூர்ல ஒரு எடம் சொல்லுதாவ."

எழுத்து இருந்தது. பூவனநாதனின் அண்ணன் கிருஷ்ணராஜ் வாத்தியார் ஐந்து வருடம் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வம்சத்தின் எல்லாக் கிளையையும் விசாரித்து எழுதினார். தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் ஏற்றிக்கொடுக்கச் சொல்லி ராமலட்சுமியைத்தான் உட்கார வைத்தார். புத்தகமாகப் போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவருடைய நோட்டுகளை, "இதெல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டவளும் ராமலட்சுமிதான்.

"அப்ப அடிச்சவிய நீங்கதானே. ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

"ஒரு வரி ஞாபகம் இல்ல."

அது பொய்யில்லை. அடிக்கிறபோது அர்த்தத்தைப் படிக்காதே, படித்தால் பிழை வரும் என்று பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். கண் தாளைப் பார்க்கும், விரல் தட்டும், மனசு சாயங்காலக் குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். நாற்பது பக்கமும் அப்படித்தான் அவள் வழியாகப் போயிருந்தது.

பழைய கம்ப்யூட்டரில் கரண்டே ஏறவில்லை. வேதமாணிக்கம் அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றினார். செங்கல்லில் பாதி கனம். "இத நம்ம கம்ப்யூட்டர்ல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டிப் பாப்போம். ஊரு விட்டு ஊரு வந்த மாப்பிள மாதிரி. ஒத்துக்கிட்டா உண்டு."

மாட்டினார். ஒத்துக்கொள்ளவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு டிஸ்க்கும் நான்தான் பெரியவன்னு நிக்குது." டிஸ்க்கின் பின்னால் இருந்த ஒரு சின்ன கறுப்புக் கட்டையை இடுக்கியால் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் செருகினார். அப்படிச் செய்தால் அது இரண்டாமிடத்துக்கு இறங்கி வருமாம். இந்தத் தடவை உள்ளே கிர்ரென்று சுற்றியது. நடுநடுவே கிடுக், கிடுக் என்று ஒரு சத்தம்.

"இந்தச் சத்தம் நல்லதில்ல டீச்சர். சீக்கிரம் எடுத்துரணும்."

கிருஷ்ணராஜ் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் எட்டு ஃபைல். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியாகப் பழைய விண்டோஸ் இருந்த இடத்தில் அவர் கை வைத்ததும் கிடுக் கிடுக் என்று நான்கு தரம் இழுத்துவிட்டு டிஸ்க் நின்றது. அதன் பிறகு கூப்பிட்டாலும் பேசவில்லை.

"பரவால்ல, வேண்டியது வந்துருச்சு" என்று ஃபைலைத் திறந்தார்.

திரையில் வந்தது தமிழில்லை. இங்கிலீஷுமில்லை. எறும்பு மொய்த்த மாதிரி பக்கம் முழுக்க ஏதேதோ எழுத்துகள்.

"வைரஸா?" என்றாள் ராமலட்சுமி.

"இல்ல டீச்சர். ஃபைல் சரியாத்தான் இருக்கு. அது எந்த ஃபாண்ட்ல அடிச்சதோ அந்தத் தமிழ் ஃபாண்ட் அந்த விண்டோஸ்ல கெடந்திருக்கு. அதான் இப்ப வராமப் போச்சே." தன்னிடமிருந்த மூன்று தமிழ் ஃபாண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். தமிழ் எழுத்துகள் வந்தன, ஆனால் வாயில் நுழையாத வார்த்தைகளாக. மறுபடியும் இங்கிலீஷுக்கே மாற்றினார். "இந்த ஃபாண்ட நெட்ல தேடணும். என்னைக்குக் கெடைக்குமோ தெரியல."

வியாழக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது.

ராமலட்சுமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரே மாதிரி நாலு குறி. kfd; என்றிருந்தது. அடுத்த வரியிலும் kfd; அதற்கடுத்து kfs; என்று இருந்தது. மடியில் கிடந்த விரல்கள் சேலையின் மேல் அசைந்தன. வலது நடுவிரல், இடது ஆள்காட்டி, இடது நடுவிரல், வலது சுண்டுவிரல்.

மகன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது நடுவிரலுக்குப் பதில் மோதிர விரல். மகள்.

"வேதம், இது நம்ம டைப்ரைட்டிங் போர்டு!"

"எது?"

"புது போர்டு எனக்கு வேண்டாம்னு கிருஷ்ணராஜ் அத்தான்கிட்ட சண்ட போட்டேன். மிஷின்ல எந்தக் கட்ட எங்க இருக்கோ அதே மாதிரி ஒரு ஃபாண்ட மதுரையில போயி வாங்கிட்டு வந்தாவ. இது வேற ஒண்ணுமில்ல, நான் தட்டுன கட்டைகதான். தமிழ் மட்டும் உதிர்ந்து போச்சு."

வேதமாணிக்கம் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத உங்களால வாசிக்க முடியுமா?"

"வாசிக்க முடியாது. தட்ட முடியும்."

மேஜையின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு வெறும் மரத்தில் தட்டினாள். தட்டத் தட்ட வாய் சொல்லியது. முதல் பக்கத்தின் தலைப்பு வந்தது. மூதாதையர் பெயர் வந்தது. வேதமாணிக்கம் பக்கங்களை நகர்த்திக்கொண்டே போனார். பதினோராம் பக்கத்தின் உச்சியில் ehfyhGuk; என்றிருந்தது. நாகலாபுரம் கிளை.

ராமலட்சுமி சட்டென்று கையை எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும். மூடிருங்க."

"என்ன டீச்சர், வேணும்கிறது இப்பத்தானே வருது! படிங்க!"

"நான் படிச்சா, பொண்ணப் பெத்தவ படிச்சதாத்தான் இருக்கும்."

"உங்களத் தவிர யாருக்கு இது தெரியப் போவுது? நீங்க சொல்லுததுதான் சேதி."

"அதுக்குத்தான் வேண்டாங்கேன்."

அன்று மாலை விஜி கேட்டாள். "ஏம்மா, கெடைச்சிட்டுங்கற, ஆனா படிக்கலங்கற. என்னம்மா இது? எனக்குச் சோறு எறங்குமா?"

"எனக்கு மட்டும் எறங்குதாக்கும்? ஏட்டி, நாளைக்கு அவிய வரட்டும். நல்லதோ கெட்டதோ, அவிய கையாலேயே வரட்டும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாயகிருஷ்ணன் வந்தார். கரிசல் மண் ஒட்டிய செருப்பை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தவருக்கு, ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டுத் திகைப்பு. வேதமாணிக்கம் தன் கம்ப்யூட்டரை டி.வி.எஸ் மொபெட்டில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து, கோடி மேஜையில் பொருத்தியிருந்தார். அதன் கீபோர்டும் ஒரு தமிழ் டைப்ரைட்டரும் அடுத்தடுத்து இருந்தன.

ராமலட்சுமி விவரத்தைச் சொன்னாள். அவர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஏமி இது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு. இதுல எங்க வீட்டுப்பேரு இருக்குன்னு நீங்க சொல்லுவீய, நாங்க நம்பணுமா?"

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்களே அடிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் எழுத்து தெரியும்ல?"

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன்."

"போதும். டி.வி.யில என்ன எழுத்து இருக்கோ அத இந்த கீபோர்டுல தேடுங்க. அது எத்தனாவது வரிசை, எத்தனாவது கட்டன்னு பாருங்க. அதே எடத்துல மிஷின்ல தட்டுங்க. பெரிய எழுத்தா இருந்தா இந்த ஷிப்ட அழுத்திக்கிட்டுத் தட்டணும். இந்தக் குறி ; வந்தா அது மெய்யெழுத்துப் புள்ளி, அத மட்டும் மிஷின்ல முன்னால தட்டிட்டு எழுத்தப் பின்னால தட்டணும். அவ்வளவுதான்."

மாயகிருஷ்ணன் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ராமலட்சுமி தாளை உருளையில் செருகிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

ஒற்றை விரலில் தலைப்பை அடிக்கவே அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. "ந... நா... க..." என்று முனகினார். திடீரென்று, "அட! நாகலாபுரம்னுல்ல வருது!" என்று சத்தம் போட்டார். தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

"உங்க வேலையப் பாருங்கட்டி" என்றாள் ராமலட்சுமி, திரும்பாமலேயே.

முதல் பெயர் வந்தது. பெத்தராசு. "இது எங்க பாட்டனுக்குப் பாட்டன். கோயில் கல்லுல பேரு இருக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. அடுத்த வரிக்கு நகர்ந்தார். நாலு தட்டு. மகனா, மகளா? வெறும் சத்தத்தில் தெரியாது. ராமலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே எட்டயபுரம் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"மகள்னு வருது" என்றார் அவர். "மகள் அச்சம்மா. மகன இன்னும் காணோமே."

அடுத்த வரி. ஒரு தட்டு. அப்புறம் ஷிப்ட் இறங்குகிற கடக் சத்தம்.

ராமலட்சுமியின் முதுகு நிமிர்ந்தது. மகனுக்கு ஷிப்ட் கிடையாது. மகளுக்கும் கிடையாது. நடு வரிசையைத் தாண்டவே தாண்டாத வார்த்தைகள் அவை. இது வேறு ஏதோ. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். தட்டு, தட்டு, தட்டு, கடைசியாக இரண்டு.

மாயகிருஷ்ணன் தாளை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மருமகன்" என்றார்.

வேதமாணிக்கம் திரையில் குனிந்தார். "அதுக்குக் கீழ நெருக்கமா நாலு வரி இருக்கே. அத அடிக்க உங்களுக்கு மத்தியானம் ஆயிரும். டீச்சர் படிக்கட்டுமா?"

"படிக்கட்டும்" என்றார் மாயகிருஷ்ணன். "இனிமே நம்புதேன்."

ராமலட்சுமி வந்து நின்று, மேஜை விளிம்பில் விரல்களை வைத்தாள். இரண்டு தடவை பிழை வந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெத்தராசுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் அச்சம்மாளுக்கு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து எர்ரப்பன் என்பவரை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார்கள். அவர் பிறந்தது நேரேடு வீடு. மாமனாரின் சிந்தல வீட்டுப்பேரே ஊர் வாயில் நின்றுவிட்டது. இது எர்ரப்பன் பிறந்த ஊரில் கேட்டது, நாகலாபுரத்தார் அறியார். கடைசி வரியை அவள் மெதுவாகச் சொன்னாள். "அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே அச்சு."

புத்தகம் ஏன் வரவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்வதற்கு நேரம் பார்த்தே கிருஷ்ணராஜ் வாத்தியார் நாளைக் கடத்தியிருக்கிறார்.

மாயகிருஷ்ணன் தாளில் இருந்த பெத்தராசு பெயரை விரலால் தடவினார். வீட்டோடு போன மாப்பிள்ளையை ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியும். தங்கள் வம்சமே அப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டால், தடை நீங்கியும் ஒன்றும் மிஞ்சாது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூறு வருசத்துக்கு மேல பெத்தராசு வம்சம், பெத்தராசு வம்சம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம்" என்றார் கடைசியில். மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "சரி. பங்காளி இல்லேன்னு ஆயிட்டு. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுதேன் தங்கச்சி. எங்க பரம்பரையில ஒருத்தன் வீட்டோட போனது போதும். ஹரியையும் வீட்டோட வச்சிக்கிடுதேன்னு கேட்டுராதீய."

டீச்சரம்மா போய், தங்கச்சி வந்துவிட்டது. பங்காளியாக இருந்தால் அவளைத் தம்பி பெண்டாட்டி முறை வைத்துத்தான் அவர் கூப்பிட வேண்டும். சம்பந்தியம்மாளைத்தான் தங்கச்சி என்பார்கள்.

வேதமாணிக்கம் கடகடவென்று சிரித்தார். ராமலட்சுமிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கேக்க மாட்டேன் அண்ணாச்சி."

அவர் உருளையைத் திருகித் தாளை உருவினார். "இத நான் ஊருக்குக் கொண்டுபோறேன். அந்தக் கெழவன் கண்ணுல காட்டணும்."

"கொண்டுபோங்க" என்றாள் ராமலட்சுமி. "அடியில கார்பன் வச்சிருந்தேன். எங்களுக்கு ஒரு காப்பி இருக்கு."