கருப்பு ரிப்பன் கட்டிய படம்

சினிமாவில் என் முகம் அதிகமாகத் தெரிந்தது கருப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள்தான்.

நாடக மேடையில் முப்பது வருடம். சியோலின் நாடகத் தெருவான தெஹாங்னோவில் தரைக்குக் கீழே இருக்கும் சின்ன அரங்குகள் எல்லாவற்றிலும் நடித்திருக்கிறேன். நீதிபதி, திருடன், ஒரு முறை குதிரைகூட. ஆனால் சினிமாக்காரர்கள் கூப்பிட்டால், கதாநாயகியின் செத்துப்போன அப்பாவுக்கு ஒரு புகைப்படம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். "உங்க முகத்தப் பாத்தாலே அழுகை வருது சார்" என்று ஒரு டைரக்டர் சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பதினேழு சினிமாக்களில் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே இருந்து லேசாகச் சிரித்திருக்கிறேன்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஷாட் முடிந்ததும் கலைப் பிரிவு ஆள் அந்தப் படத்தை இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுப்பார். நான் என் கையாலேயே எரிக்க வேண்டும். உயிரோடு இருப்பவன் முகத்தை அந்தச் சட்டத்துக்குள் விட்டுவைக்கக் கூடாது. எரிந்து முடிந்ததும் லைட்மேன் வரைக்கும் எல்லோரும் சேர்ந்து, "நூறு வயசு இருங்க சார்!" என்று கத்துவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. நெருப்புக்குப் பின்னால் கிடைக்கும் சூடான சூப் பிடிக்கும்.

ஐம்பத்தெட்டாவது வயதில், இந்த வசந்த காலத்தில்தான், ஒரு நாடகத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. ஓய்வுபெறப் போகும் சிறைக் காவலர். இரண்டு மணி நேரம் மேடையை விட்டு இறங்கவே மாட்டார். இப்படி ஒரு வேடத்துக்காகத்தான் முப்பது வருடம் மற்றவர்களின் பின்னால் நின்றிருந்தேன்.

ஒத்திகையின் மூன்றாவது வாரம் டைரக்டர் மிர்யோங் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என்னைவிட இருபது வயது சின்னவள். யாரையும் புண்படுத்தப் பிடிக்காதவள்.

"சார், குரல் நல்லா கேக்குது. ஆனா ஆள் எங்க நிக்கறீங்கன்னு ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கு."

"நடுவுலதானே நிக்கறேன்?"

"அதான் எனக்கும் புரியல. லைட் போடற பையன் அஞ்சு தடவை உங்கள விட்டுட்டு நாற்காலி மேல வெளிச்சம் போட்டுட்டான். திட்டினா, 'அங்க யாரும் இல்லையே'ங்கறான்." அவள் என் தோளைப் பார்த்துப் பேசினாள், என் முகம் அங்கே இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். "சனிக்கிழமை முதல் காட்சி. நாளைக்குக் கடைசி ஒத்திகையிலயும் இப்படியேன்னா, ஜுன்தேயப் போடறதத் தவிர வழியில்ல சார். மனசுல வெச்சுக்காதீங்க."

ஜுன்தே எனக்கு மாற்று நடிகன். பதினைந்து வருட நண்பன். அன்று மதியம் இருவரும் டோஃபு குழம்புக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா ஒரே ஒரு குவளையைக் கொண்டுவந்து வைத்து, "தனியாவா வந்தீங்க?" என்று அவனிடம் கேட்டாள்.

"அண்ணே," என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பட்டாளத்துல இருந்தப்ப இந்த வித்தை தெரிஞ்சிருந்தா, ரெண்டு வருஷமும் தூங்கியே கழிச்சிருப்பீங்க."

நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே மாத்தி வெக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். சோற்றுக் கிண்ணத்தை வலப்பக்கமும் சூப்பை இடப்பக்கமும் நகர்த்தி வைத்திருந்தேன். உயிரோடு இருப்பவர்கள் சோற்றை இடப்பக்கம் வைத்துத்தான் சாப்பிடுவோம். செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் மாறும்.

"தெரியாம..." என்றேன்.

"நேத்தும் இப்படித்தான் பண்ணீங்க. சொல்ல வேணாம்னு விட்டேன்."

எனக்குப் பசியே இல்லை. பசித்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் காலையில் எழும்போது வாயில் வறுத்த மீனும் அரிசி மதுவும் கலந்த ருசி இருக்கும். பல்லில் கோளாறு என்று நினைத்திருந்தேன். அன்று தேதி பதினொன்றுதான். ஆனாலும் காலையிலிருந்து அந்த ருசி நாக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒன்றும் பதினைந்தும் படையல் வைக்கும் நாட்கள். அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பதினேழாவது சினிமா நினைவுக்கு வந்தது. போன பனிக்காலத்தில் கங்ஹ்வா தீவில் எடுத்தது. நான் அங்கே போகவில்லை. என் புகைப்படம் மட்டும்தான் போய் நடித்தது. அதை எரித்ததாக நினைவில்லை.

கலைப் பிரிவுக்காரனை ஃபோனில் பிடித்தேன்.

"அந்தப் படமா? நீங்க எரிக்கலையா அண்ணே?"

"எங்கிட்ட யாருடா குடுத்தா?"

"அன்னிக்குப் பனி கொட்டுச்சு. பாலத்த மூடிடுவாங்கன்னு அவசரமா மூட்ட கட்டினோம். ஷூட்டிங் நடந்த வீட்டுக்காரம்மா, ஹேசுன்னு பேரு, படத்த வெச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க. ரொம்பக் கெஞ்சினாங்கண்ணே. அவங்கப்பா இறால் படகோட கடல்ல காணாமப் போனவரு. வீட்ல ஒரு போட்டோகூட மிஞ்சல."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேரும்போது சாயங்காலம். கடலோரத்தில் தாழ்ந்த நீலக் கூரை வீடு. எண்ணெயில் மீன் பொரியும் வாசம் தெருமுனையிலேயே வந்தது. அந்த வாசம் ஏற்கெனவே என் வாய்க்குள் இருந்தது.

கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுப் பெண், கையில் கரண்டி. பல மாதங்களுக்குப் பின் ஒருவர் நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களாப்பா," என்றாள் ஹேசுன். ஆச்சரியமே இல்லாத குரல். "இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க."

"அம்மா, நான் உங்க அப்பா இல்ல. அந்தப் படத்துல இருக்கறவன். நடிகன்."

"தெரியும். குளிருது, உள்ள வாங்கப்பா."

தெரியும் என்றும் சொன்னாள், அப்பா என்றும் கூப்பிட்டாள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன. அவளுடைய அப்பா துறைமுகத்தை விட்டுப் போன தேதி அன்றுதான். வருடப் படையல் நாள். அறையில் தாழ்ந்த மேஜை முழுக்கப் பேரிக்காய், பேரீச்சை, பொரித்த மீன். எல்லாவற்றுக்கும் பின்னால், திரையின் முன், நான். கருப்பு ரிப்பன் புதிதாக மாற்றியிருந்தது. அந்த முகம் என்னைவிட நன்றாகத் தின்று தேறியிருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. ஸ்டுடியோவில் அந்தப் படம் எடுத்த அன்று எனக்குக் கன்னமே கிடையாது.

வந்த காரணத்தைச் சொன்னேன். சனிக்கிழமை நாடகத்தை, லைட் போடும் பையனை, குவளையை. அவள் கடைசி வரை கேட்டாள்.

"எரிச்சா எங்கப்பா எப்படி வருவாரு? முன்னாடி எல்லார் வீட்லயும் மாதிரி காகிதத்துல பேர் எழுதித்தான் வெச்சேன். இருபத்தாறு வருஷம். ஒரு தடவைகூட வந்த மாதிரி தெரியல. உங்க படம் வெச்சதும் சோறு மேல இருந்த ஆவி படத்துப் பக்கமா சாஞ்சுது."

"அது எனக்கு வந்துது," என்றேன். "இந்தச் சோறு, மீன், மது எல்லாத்தோட ருசியும் சியோல்ல என் வாய்க்குத்தான் வருது. உங்கப்பா பட்டினி கிடக்கறாரு."

அதைச் சொல்ல நினைக்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஹேசுன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் மூடிக்கொண்டாள்.

"நான் வேற யாருக்கோ ஊட்டிட்டிருந்தேனா," என்றாள் துணிக்குள்ளிருந்து.

அப்புறம் அவளே எழுந்தாள். படத்தை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வெள்ளைக் காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, தூரிகையால் தன் அப்பாவின் பெயரை எழுதினாள். ஒரு கோடு கோணலாகப் போனது. காகிதத்தைப் படம் இருந்த இடத்தில் ஒட்டி, மதுவை ஊற்றி வணங்கினாள். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாள். செத்தவர் தனியாகச் சாப்பிடட்டும் என்று இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஒன்பது வாய் சோறு தின்னும் நேரம் காத்திருப்பது முறை.

கடல் வற்றி, சேறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. ஹேசுன் உதடசைத்து எண்ணினாள். நான் நாக்கால் வாயைத் துழாவினேன். ருசி இல்லை. மீன் இல்லை, மது இல்லை. வெறும் எச்சில்.

ஐந்தாவது எண்ணிக்கையில் உள்ளே கரண்டி கிண்ணத்தில் தட்டியது.

அவள் என் கையைப் பிடித்தாள். மறுபடி தட்டியது. மெதுவான சத்தம் இல்லை. அவசரமாக, அடிவரைக்கும் சுரண்டிச் சுரண்டி, நெடுநாள் சாப்பிடாதவன் தின்னும் சத்தம். ஒன்பதைத் தாண்டிப் பத்து, இருபது என்று அவள் எண்ணிக்கொண்டே போனாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. முப்பத்தொன்றில் நின்றது. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வெளியே வந்து எங்கள் செருப்புகளை நனைத்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"அப்பாதான்," என்றாள். இந்த முறை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் மட்டும் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தாள். இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தாள். சட்டத்தைப் பிரித்து முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். பதினாறு முறை செய்த வேலைதான். ஆனால் இந்த முறை படம் உடனே பற்றவில்லை. ஈரத்துணிபோலப் புகைந்தது. பிறகு அந்தக் கொழுத்த கன்னம் சுருங்கியது, சிரிப்பு சுருங்கியது. கண்கள் கடைசியாகப் போயின. போகும்வரை என்னைத்தான் பார்த்தன, உள்ளே விட மறுத்த வீட்டைப் பார்ப்பதுபோல.

"நூறு வயசு இருங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வயிறு மட்டும் சத்தமாக உறுமியது. மாதங்கள் கழித்துப் பசித்தது.

ஹேசுன் சாம்பலில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். முற்றத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் நிற்பதைப் பார்க்கும் பார்வை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டாள்.

"கடைசி பஸ் ஏழே காலுக்கு," என்றாள் மரியாதையாக. "மன்னிக்கணும், உங்க பேரக்கூட நான் கேக்கல."

"நாம்குங் ஹோ. நடிகன்."

"ஓ. எந்தப் படத்துல சார் நடிச்சிருக்கீங்க? நான் பாத்திருப்பேனா?"

யோசித்துப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன். "சனிக்கிழமைதான் முதல் தடவை."