முதல் அடிக்கு அப்புறம்

பதினோரு விநாடி வீடியோ. சனிக்கிழமை காலையிலிருந்து தமயந்தி அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கணவர் அருள்மணி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "அந்த போனக் கீழ வையி மொதல்ல" என்றார். வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி எடுத்தாள்.

மேல்மலைச் சாலை கொடைக்கானல் ஊருக்குள் வந்து சேரும் திருப்பத்தில் ஒரு பழக்கடைக்காரர் மாட்டியிருந்த கேமராவில் பதிவானது அது. மே மாதத்து நெரிசல். கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஏட்டு பழனிக்குமார் டிரைவரை இறங்கச் சொல்கிறார். இறங்கிய மனிதர் சட்டைக்குள் கையை விட்டு எதையோ வெடுக்கென்று உருவுகிறார். பழனிக்குமாரின் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் எழும்புகின்றன. எழும்பிய வேகத்தில் வலது உள்ளங்கை அந்த மனிதரின் முகத்தில் மோதுகிறது. கண் இமைக்கும் நேரம்தான். அந்த மனிதர் தடுமாறிப் பின்னால் நகர்கிறார், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி. பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸ் தரையில் கிடக்கிறது. பழனிக்குமார் ஒரு எட்டு முன்னால் வைத்து முழங்கையால் அவர் தாடையில் இடிக்கிறார். இன்னொரு தடவை இடிக்கிறார். சுற்றி நிற்கிற சுற்றுலாக் கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு நெருங்குகிறது. அத்தோடு வீடியோ முடிகிறது.

முழங்கையால் எப்படி இடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எஸ்.ஐ. தமயந்திதான்.

இரண்டு வருஷமாக வாரம் இரண்டு நாள் அவள் போலீஸ்காரர்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தி வந்தாள். செண்பகனூரில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மேஜைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்து நடக்கும். அவள் சொல்லிக் கொடுத்தது கராத்தேயும் இல்லை, சிலம்பமும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் திடீரென்று பாய்ந்தால் படித்த பிடி எதுவும் ஞாபகத்துக்கு வராது. உடம்பு அதன் போக்கில் பதறும். தலை உள்ளே இழுத்துக்கொள்ளும், கை தானாக மேலே வரும். அந்தப் பதற்றத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். பேசிக்கொண்டே இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஈரத்துண்டை ஒருவர் முகத்தில் எறிவாள். கை எழும்பும். "அப்படியே நில்லுங்க. கை இப்ப எங்க இருக்கு? அங்கேருந்தே முன்னாடி தள்ளுங்க. முழங்கை பாதி வழி வந்தாச்சு பாருங்க" என்பாள். பதறியவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். பழனிக்குமார் மற்ற எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளுவார். ஒரு தடவை அவர் துள்ளிய துள்ளலில் தொப்பி பறந்துபோய்ச் சாம்பார் வாளிக்குள் விழுந்தது. அன்றைக்குத் தமயந்தியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இதெல்லாம் அவள் புத்தகத்தில் படித்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம், வெள்ளனே ஆறு மணிக்கு, மலைச்சாலைச் செக்போஸ்டில் ஒரு காரை நிறுத்தினாள். இறங்கியவன் கையில் டயர் கழற்றும் இரும்பு இருந்தது. அவன் வீசியபோது அவள் எதையும் யோசிக்கவில்லை. இடது கை தானாகத் தலைக்கு முன்னால் போய் நின்றது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதே விநாடியில் வலது கை அவனைத் தள்ளியது. அவன் விழுந்தான். கூட இருந்த பழனிக்குமார் அவளை ஜீப்பில் உட்காரவைத்து, அந்தக் கை ஆடாமல் தன் மடியில் தாங்கிப் பிடித்தபடியே வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வகுப்பில் அவள் இந்தக் கதையைச் சொல்லாத மாதம் கிடையாது. அவன் விழுந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஜெரால்டு அவளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம டி.எஸ்.பி. என்கொயரி. அந்த ஆளுக்குத் தாட ரெண்டு எடத்துல விட்டுப்போச்சு, பல்லும் போச்சு. பேப்பர்க்காரன் வேற வந்துட்டுப் போறான்" என்றார். "நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம குடுத்த டிரெய்னிங்படி அனிச்சையா நடந்துச்சு, வேணும்னு செய்யலன்னு. டிரெய்னர் நீங்க சொன்னா எடுபடும்."

"மூணு அடி சார்."

"மூணும் மூணு செகண்டுல விழுந்திருக்கும்மா. எங்க கோடு போடுவீங்க? பழனிக்குமாருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. பாத்துக்கங்க."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள். துணி மடித்தாள். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எங்கே போகிறாய் என்று அருள்மணி கேட்டதற்கு, "ஒரு சோலி கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வத்தலக்குண்டில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி மாடியில், வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பூண்டு உரித்துக் கறுத்திருந்தது. அடிபட்ட திருமலைச்சாமியின் மனைவி சின்னத்தாயி. தமயந்தி தான் யார் என்று சொன்ன பிறகும் அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"கையெழுத்து வாங்க வந்தீங்களா? நேத்தே ரெண்டு பேரு வந்தாங்க. சமாதானமாப் போயிருங்கன்னு."

"இல்லம்மா. பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்க. உள்ளதான் கெடக்காரு."

திருமலைச்சாமிக்கு ஐம்பது வயதிருக்கும். மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிற மனிதர். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. போலீஸ் என்று மனைவி சொன்னதும் அவர் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தார். இரண்டு கைகளும் போர்வையிலிருந்து வெளியே வந்து நெஞ்சுக்கு நேராகக் குவிந்தன.

"கும்பிடாதீங்க, படுங்க" என்றாள் தமயந்தி.

"அன்னைக்கும் அதத்தான் செஞ்சாரு" என்றாள் சின்னத்தாயி. "நான் வண்டிக்குள்ளதான இருந்தேன். இவருக்கு எப்பவும் லைசென்ஸ் சட்டைக்குள்ளாறதான் கெடக்கும், மழைக்கு நனையாம. வெரசா எடுன்னு ஏட்டு சத்தம் போட்டாரு, இவரு பதறி உருவுனாரு. மொத அடி விழுந்ததும் கும்பிட்டாரு. கும்பிட்ட கையோட நிக்கிற ஆளத்தான் திரும்பவும் அடிச்சாரு."

தமயந்தி வராந்தாவுக்கு வந்து போனில் வீடியோவை ஓட்டினாள். மனிதரின் முதுகு. பின்னால் நகர்கிறார். இப்போது தெரிந்தது. இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டி மடங்கியிருந்தன. அத்தனை தடவை பார்த்தும் அவள் அடித்தவரின் கையைத்தான் பார்த்திருந்தாள்.

சாயங்காலம் பழனிக்குமாரை மண்டபத்துக்கு வரச் சொன்னாள். அவர் சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். மேஜைகள் அடுக்கியபடி இருந்தன, கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க குமாரு."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கை தானாப் போச்சு. நீங்கதான சொல்வீங்க, கை தானாப் போகும்னு."

"மொத அடி தானாப் போச்சு. அதுக்கு நான் எங்க வேணா சாட்சி சொல்றேன். அதுக்கப்புறம் அந்தாளு கையக் கும்பிட்டு நின்னாரு. அது உங்களுக்குத் தெரிஞ்சிச்சா, இல்லையா?"

அவர் ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். மேஜைக் காலைத் தள்ளிப் பார்த்தார்.

"தெரிஞ்சது" என்றார். "லைசென்ஸுன்னும் தெரிஞ்சது. கீழ கெடந்ததே. சுத்தி அத்தன பேரு, கையில போன வச்சுக்கிட்டு. ஒருத்தன் சிரிச்சான் மேடம். லைசென்ஸப் பாத்து போலீஸ்காரன் துள்ளிட்டான்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு காதுல விழுந்ததும் எனக்கு..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயந்து அடிச்சேன்னு ஆயிரக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

தமயந்திக்குச் சாம்பார் வாளியும் தொப்பியும் ஞாபகம் வந்தது.

பழனிக்குமார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செக்போஸ்ட்ல அவன் விழுந்தப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க மேடம்? நாலு மிதி மிதிச்சீங்க. விலாவுல. நான்தான் உங்கள இழுத்துட்டுப் போயி ஜீப்புல ஏத்துனேன். விழுந்ததுல விலா எலும்பு விட்டுப்போச்சுன்னு எழுதுனாங்க, நானும் அதுக்குக் கையெழுத்துப் போட்டேன். இந்த நாலு வருசத்துல என் வீட்டுக்காரிகிட்டகூட நான் சொன்னதில்ல."

"தெரியும்."

"மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீங்க எனக்கு எதிரா எழுதுனாலும் சொல்லமாட்டேன். ஆனா உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

அவர் போன பிறகு அவள் அந்தக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நாலு மிதி என்று அவர் சொன்னது சரிதான், அவளும் எண்ணியிருந்தாள். முதல் மிதி விழும்போதே கையின் வலி தெரிய ஆரம்பித்துவிட்டது. அதாவது மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கீழே கிடந்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மிதித்தாள். எங்கே கோடு போடுவீர்கள் என்று ஜெரால்டு கேட்டாரே, அந்தக் கோட்டை அவள் அன்றைக்கே பார்த்திருந்தாள், பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அறுபது போலீஸ்காரர்களுக்கு, கையை எப்படி விடுவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். எங்கே நிறுத்துவது என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சொன்னால் தன் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் போய் விளக்கு வைப்பதற்குள் எழுதி முடித்தாள். அருள்மணி வாங்கிப் படித்தார். அந்த நாலு மிதியை அவரும் கேள்விப்பட்டதில்லை.

"ரெண்டாவது பாரா எழுதணுமா? அத யாரும் கேக்கலியே."

"மொதப் பாராவ மட்டும் குடுத்தா அது பொய்யிங்க."

திங்கட்கிழமை டி.எஸ்.பி. அதைச் சத்தமாகப் படித்தார். முதல் அடி பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது, அது தன்னிச்சையாக நேர்ந்தது என்பதே என் கருத்து. இரண்டாவது, மூன்றாவது அடிகள் அப்படியல்ல. அப்போது எதிரில் இருந்தவர் கைகூப்பி நின்றார். நிறுத்துவதற்கான பயிற்சி எதையும் நான் கொடுக்கவில்லை. அடுத்த பத்தியில் செக்போஸ்ட் சம்பவம், தேதியோடு. பழனிக்குமார் கையெழுத்துப் போட்டதை மட்டும் அவள் எழுதவில்லை. அதை அந்த அறையிலேயே, யாரும் கேட்காமல், பழனிக்குமார் தானே சொன்னார். ஜெரால்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். மேகம் இறங்கி, எதிரில் நிறுத்தியிருந்த ஜீப்புகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"உங்களப் பத்தி நீங்க எழுதியிருக்க வேணாம் மேடம்."

"நீங்க கேட்டீங்கள்ல."

"கோவத்துல கேட்டது அது."

"சரியாத்தான் கேட்டீங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே பழனிக்குமாரைத் தற்காலிக நீக்கம் செய்து, வழக்கும் பதிந்தார்கள். தமயந்திக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பழைய கோப்பைத் திறந்தார்கள். வகுப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஸ்டேஷனில் டீ வந்தால் எல்லார் மேஜைக்கும் போய்விட்டு, ஆறின பிறகு அவள் மேஜைக்கு வந்தது. அவள் போனால் பேச்சு நின்றது. பழைய கோப்பின் முடிவு வரவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது. இருப்புக்கொள்ளாமல் காலையில் ஏரியைச் சுற்றி வேகவேகமாக நடந்தாள். பின்னால் யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால் கை இன்னமும் மேலே எழும்பியது. பார்த்து, இறக்கிக்கொண்டாள்.

ஜூலையில் ஒரு நாள் சின்னத்தாயி போன் செய்தாள்.

"கம்பியப் பிரிச்சிட்டாங்க. கஞ்சி குடிக்காரு. பேச்சு இன்னும் கொழகொழன்னு இருக்கு, ஆனா புரியிது."

"நல்லதும்மா."

"அந்த ஏட்டு வந்தாரு. ஊருக்கே வந்துட்டாரு, பஸ்ஸுல. வீட்டு முத்தத்துல நின்னாரு. இவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. நான் தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டுப் போயிட்டாரு. மன்னிச்சோம்னு நாங்க சொல்லல."

"சொல்ல வேணாம்."

"கேசுக்குத் தேதி போட்டிருக்காங்களாம். நீங்களும் வந்து சொல்லணும்னு வக்கீலு சொன்னாரு. வருவீங்களா?"

"வருவேன்" என்றாள் தமயந்தி. "எத்தனாம் தேதி?"

சின்னத்தாயி உள்ளே யாரிடமோ கேட்டாள். தெளிவில்லாத, தடித்த ஓர் ஆண்குரல் போனில் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, திருமலைச்சாமி தேதியைச் சொன்னார். தமயந்தி அதைத் திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டாள். சரி என்றார்.