பெண்கள் பக்கத்துத் தகரப் பலகை

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு கக்கூஸ் வாசல்.

கொஞ்சம் கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் முயன்று பார்த்தேன். ‘பிச்சாவரத்து நீர்ப்பரப்பில் மாலைச் சூரியன்’ என்று ஒரு தொடக்கம் எழுதினேன். சூரியன் மறைந்தும் கதை வரவில்லை. ‘அண்ணாமலை நகரின் மர நிழலில் இரு உள்ளங்கள்’ என்று இன்னொன்று. வகுப்புத் தோழி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஒண்ணு நீங்க. இன்னொரு உள்ளம் யாரு?” என்று கேட்டார். அதையும் கிழித்தேன்.

ஆகவே, கக்கூஸ்.

2

நான் தில்லைநாதன், ஆசிரியர் பயிற்சி மாணவன். 1966இல் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டும் என்றார்கள். என் தலைப்பு: ‘எழுத்தறியாதோருக்குப் படம் மட்டும் போதுமா?’ போதும் என்று முதல் பக்கத்திலேயே முடிவு எழுதிவிட்டேன். ஆதாரம் மட்டும்தான் பாக்கி.

அப்போது கடலூரில் ஒரு விவசாயப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் காரியதரிசி அப்துல் ஹக், பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. அவரிடம் போய், எங்காவது ஒரு படம் வரைந்து மாட்ட இடம் கேட்டேன்.

“கக்கூஸுக்கு வரைஞ்சு குடு தம்பி. எழுதித்தான் வச்சிருக்கோம். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுட்டுப் போறாங்க. தெரியாதவங்க முன்னாடி போற ஆளைப் பாத்துப் போறாங்க. நேத்து ஒருத்தரு தப்பான ஆளைப் பாத்துட்டாரு. சத்தம் ஜாஸ்தியாப் போச்சு.”

(இந்த அப்துல் ஹக் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கதாபாத்திரத்துக்கு இவ்வளவு வாய் ஆகாது. ஆனால் அசல் ஆளுக்கு இதைவிட அதிகம், நான்தான் குறைத்திருக்கிறேன்.)

3

நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தேன். ஒரு வட்டம், அதன் கீழ் ஒரு முக்கோணம்: பெண். கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. அதுதான் நவீனமாம்.

ஐம்பது பெண்களிடம் காட்டி, ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்டேன். பேய் என்றவர்கள் முப்பத்தொன்று. கோயில் மணி, ஒன்பது. புட்டி, ஆறு. நான்கு பேர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார்கள். பெண் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.*

கிள்ளையிலிருந்து வந்து கருவாட்டுக் கடை போட்டிருந்த தங்கம்மாள் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். “மூஞ்சியும் இல்ல, காலும் இல்ல. இது நிக்கிற எடத்துக்குள்ள நாங்க போவணுமா? நீ மொதல்ல போய்ட்டு வா பாக்கலாம்.”

* ஆண்கள் பலகைக்கு இரண்டு கால் இருந்ததால் பிரச்சினை எழவில்லை.

4

ஆகவே கால் வைத்தேன். பிறகு முகம்.

எனக்குக் கையை எடுக்காமல் வரைய வருகிற முகம் ஒன்றே ஒன்றுதான். நான்கு மாதமாகப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, பாடத்தைக் கவனிப்பதற்குப் பதிலாக நான்—

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.)

மறுபடி ஐம்பது பேர். ஐம்பதும் ‘பொம்பள’ என்றார்கள். வெள்ளிக்கிழமை பலகையை மாட்டினோம். தங்கம்மாள்தான் முதலில் உள்ளே போனார். என் கட்டுரை வென்றது.

5

ஞாயிறு காலை மலர்க்கொடி வந்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன். முதல் பகுதியில் கேள்வி கேட்ட தோழி இவர்தான்.) பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னை.

“மிஸ்டர் தில்லைநாதன், அது யாரு?”

“பொதுவா ஒரு பொண்ணு.”

“பொதுவான பொண்ணுக்கு என் மூக்கு எதுக்கு?”

நான் அந்த மூக்கின் ஆராய்ச்சி முக்கியத்துவத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

“நான் பயிற்சிக்குப் பாடம் எடுக்குற எட்டாம் வகுப்புல நாப்பது பிள்ளைங்க. நேத்து வரிசையா இங்க வந்திருக்காங்க. ‘டீச்சர், ஒங்கள கக்கூஸ்ல பாத்தோம்’னு வழியில ஒருத்தி கத்துறா. நாளைக்கு அவங்க முன்னாடிதான் எனக்குப் பரீட்சை வகுப்பு. பின் பெஞ்சுல பரிசோதகர் ஒக்காந்திருப்பாரு. நான் வாயத் தொறந்தா நாப்பதும் சிரிக்கும். வகுப்ப அடக்கத் தெரியலன்னு ஃபெயில் போட்டுடுவாரு. ஃபெயில் ஆனா, படிச்சது போதும், வீட்டுக்கு வான்னு சொல்லிடுவாங்க எங்க வீட்டுல. சிரிப்பா இருக்கா?”

இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போதும் இந்த இடத்தில் வரவில்லை.

“அழிச்சிடறேன்” என்றேன்.

“அழிச்சா மறுபடியும் பேய் வந்துடும்” என்றார் கருவாட்டுக் கடையிலிருந்து தங்கம்மாள். “இன்னும் நாலு நாளு இருக்கு. ஊருக்குப் போறவரைக்கும் எப்படி அடக்கிக்கிட்டு இருக்கறது, கண்ணு?”

6

வாசகரே, இங்கே கதை மாட்டிக்கொண்டது. முகத்தை எடுத்தால் பெண்கள் போகமாட்டார்கள். முகம் இருந்தால் ஒரு பெண் நாளைக்கு வகுப்புக்குள் நுழைய முடியாது.

“வேற மூஞ்சி வரைங்க” என்றார் மலர்க்கொடி.

“வராது.”

“ஏன்?”

“பயிற்சி போதாது.” (அச்சுக்கு ஏற்ற பதில் இது.)

மலர்க்கொடி வளையல் கடைக்குப் போய் ஒரு கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதப் பாத்து வரைங்க.”

“நான் ஆம்பள.”

“பொட்டு வச்சா சரியாப் போயிடும்.”

“மீசை?”

“எங்க இருக்கு?”

வரைந்தேன். எனாமல் காய்வதற்குள் அப்துல் ஹக் வந்து நீண்ட நேரம் பார்த்தார். “தம்பி, ஒனக்குத் தங்கச்சி இருக்கா?” என்றார். ஆராய்ச்சி என்றால் மூன்றாவது கணக்கெடுப்பும் வேண்டும் அல்லவா? ஐம்பதில் நாற்பத்தெட்டுப் பேர், பெண். இரண்டு பேர், ‘பாவம், ஒடம்பு சரியில்லாத பொண்ணு’.

அன்று மாலை அந்த நாற்பது பிள்ளைகளில் பலர் டீச்சர் படத்தைக் காட்ட அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பலகையில் நான் இருந்தேன்.

7

திங்கட்கிழமைக்கு மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது: மலர்க்கொடி வாயைத் திறந்தார், நாற்பது பேரும் மௌனமாகக் கேட்டார்கள். எட்டாம் வகுப்பைப் பார்த்திருக்கும் எவரும் இதை நம்பமாட்டார்.

இரண்டாவது: எல்லோரும் சிரித்தார்கள், அவர் அழுதார். இதை எழுதினால் நான் அழவேண்டியிருக்கும்.

மூன்றாவது, நடந்தது. என்ன ஆகிறதோ என்ற கவலையில் பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தேன். பாடம் தொடங்கிப் பத்து நிமிஷம். ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர்! வெளிய நிக்கிறாரே, அவருதான் அந்த கக்கூஸ் படம்!”

நாற்பது தலைகளும் ஜன்னலுக்கு வந்தன. நாற்பத்தொன்றாவதாக ஒரு வழுக்கைத் தலையும் வந்தது; பரிசோதகர். நான் சைக்கிளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். சைக்கிளுக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாது. சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது.

மலர்க்கொடி, சிரித்து முடியும்வரை விட்டார். பிறகு ஜன்னல் கதவைச் சாத்தினார். “பாத்தாச்சா? எல்லாரும் ஒக்காருங்க.”

நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். பரிசோதகரும் உட்கார்ந்தார். குறிப்பேட்டில் அவர் எழுதியது: ‘வகுப்பை அடக்கும் திறன்: மிக நன்று.’

8

இங்கே முடித்திருப்பேன். ஆனால் நான்காம் பகுதியில் அவருடைய முகத்தைப் பற்றிப் பதினொரு வரி எழுதியிருந்தேன். நல்ல வரிகள். கையெழுத்துப் பிரதியைப் படித்த மலர்க்கொடி பென்சில் கேட்டார்.

“மறுபடியும் பலகைல ஏத்துறீங்களா?”

“இது இலக்கியம்.”

“அன்னைக்கு ஆராய்ச்சின்னீங்க. ரெண்டுலயும் என்னைக் கேக்கல.”

பதினொன்றையும் அடித்துவிட்டார். “மூஞ்சி இல்லன்னா பேய்னு சொல்லுவாங்களே” என்றேன். “படிக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குவாங்க” என்றார்.

உண்மைதான். மலர்க்கொடி என்று பெயர் வந்தபோதே நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகத்தைப் போட்டுவிட்டீர்கள். எனக்கு அது யாரென்று தெரியாது; உங்களுக்குத் தெரியும். ஒரு கக்கூஸ் கதையில் இவ்வளவு நேரம் அவரை நிற்க வைத்திருக்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய், நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். கடைசி வரி அவருடையது. நான் இடம் விட்டிருக்கிறேன்.

அவர் சொன்னது: